முத்துப்பாரின் மேல் ஓடும் தூண்டில்

தூத்துக்குடியில் கடல் தொழிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு வலைக்குத்தான் போகும். விசைப்படகுகளின் இழுவை மடி, தருவைகுளத்துக்காரர்களின் பருவலை, தடை செய்யப்பட்ட சுருக்குமடி, கரையோரத்தைச் சுரண்டும் தள்ளுமடி என்று எதைத் தொட்டாலும் வழக்கும் போராட்டமும் கூடவே வரும். தூண்டில் தொழிலைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. அதிலும், ஓடிக்கொண்டிருக்கும் சிறு படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்று சீலாவையும் ஊளியையும் பாறை மீனையும் பிடிக்கிற முறையைத் தனித் தொழிலாகக்கூடப் பலர் எண்ணுவதில்லை. வலைக்குப் போகும்போதும் வரும்போதும் செய்துகொள்ளும் கைவேலை என்றே நினைக்கிறார்கள். இழுவை மடியோடு குழம்பாமல் இருக்க இந்த முறையை இங்கே ஓட்டத்தூண்டில் என்று குறிப்பிடுகிறேன்.

மன்னார் வளைகுடாவில் இதற்கு எதிர்காலம் உண்டா என்பதுதான் கேள்வி. படகு, எஞ்சின், தூண்டில் நரம்பு, விலை, காற்று, சட்டம் எல்லாவற்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் பிழைப்பதும் அழிவதும் கடலடியில் கிடக்கும் பார்களைப் பொறுத்தது. ஒரு காலத்தில் முத்துச்சிப்பி விளைந்த அதே பார்களின் விளிம்பில்தான் இன்று சீலா இரை தேடுகிறது. பார் கெட்டால் எவ்வளவு நல்ல எஞ்சினும் எவ்வளவு கூர்மையான முள்ளும் வீண்.

பார் என்பது மணலும் சேறுமான அடிப்பரப்பில் மேடாகக் கிடக்கும் பாறைத் தளம். தூத்துக்குடிக்கு எதிரே கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தொலைவில், பெரும்பாலும் பத்து முதல் இருபத்தைந்து மீட்டர் ஆழத்துக்குள் இவை பரவிக் கிடக்கின்றன. தோலாயிரம் பார், நாகரைப் பார், உத்திப் பார், புலிப்பூண்டு பார், வான்தீவு அருபகம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முத்துக்குளிப்பை ஆண்ட அரசுகள் இந்தப் பெயர்களை ஆவணங்களில் எழுதி வைத்தன. குளியாட்களும் சங்குகுளிப்பவர்களும் அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். கொற்கையின் காலம் முதல் போர்த்துகீசியர், 1658க்குப் பின் டச்சுக்காரர், அதன்பின் ஆங்கிலேயர் என்று எல்லோரும் கண் வைத்தது இந்த மேடுகளின் மேல்தான். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து அறிக்கை எழுதினார். சிப்பி ஒரு ஆண்டு குவிந்து கிடப்பதும் அடுத்த ஆண்டு காணாமல் போவதும் அவரையும் அவருக்கு முன் வந்தவர்களையும் திணறடித்தது. நீரோட்டம், மணல் மூடுவது, சிப்பியை நொறுக்கித் தின்னும் திருக்கையும் கிளாத்தியும் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. 1961க்குப் பிறகு நடக்கவில்லை.

முத்து போனபின் இந்தப் பார்களைப் பற்றிய அக்கறையும் அரசு அலுவலகங்களில் குறைந்துவிட்டது. ஆனால் கடலில் பாரின் வேலை நிற்கவில்லை. நீரோட்டம் மேட்டில் மோதி மேலெழும் இடத்தில் மிதவை உயிர்கள் சேரும். அவற்றைத் தின்னச் சாளையும் நெத்திலியும் வரும். அவற்றைத் துரத்திக்கொண்டு பெரிய மீன்கள் வரும். அடியில் கலவாவும் விளமீனும் பாறையிடுக்கில் கிடக்கும். நடுநீரில் பாறை மீனும் ஊளியும் சுற்றும். மேல்நீரில் சீலா ஓடும். கைத்தூண்டில்காரன் நங்கூரம் போட்டு அடிமீனைப் பிடிப்பான். ஓட்டத்தூண்டில்காரன் பாரின் விளிம்பை ஒட்டி ஓடி நடுநீர், மேல்நீர் மீனைப் பிடிப்பான். ஒரே பாரில் இரண்டு தொழிலும் ஒன்றை ஒன்று கெடுக்காமல் நடக்கும்.

சீலாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்றும் குமரிக்கரையில் நெய்மீன் என்றும் சொல்லும் மீன் இது. இதில் பெரியது, கடலியலார் ஸ்கோம்பெரோமோரஸ் கம்மர்சன் என்று அழைக்கும் இனம், இரண்டு மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நம் கரையில் ஏலத்துக்கு வருவதில் பெரும்பாலானவை அதில் பாதிகூட வளராதவை. உடல் முழுவதும் வேகத்துக்காகவே அமைந்தது: நீண்டு ஒடுங்கிய உடல், பிறைபோல் பிளந்த வால். பற்கள் முக்கோணமாக, பக்கவாட்டில் தட்டையாக, கத்தரிபோல வெட்டும். இரையை முழுசாக விழுங்கும் முன் வாலை வெட்டி முடமாக்கிவிட்டுத் திரும்பி வந்து எடுப்பது இதன் பழக்கம். ஓட்டத்தூண்டிலின் அமைப்பில் பாதி இந்த ஒரு பழக்கத்துக்காகவே உருவானது. தங்கூசி நரம்பின் நுனியில் ஒரு முழமோ கூடுதலோ கம்பி கட்டுவது பல்லுக்காக. இரைமீனின் தலையில் ஒரு முள்ளும் வாலுக்கு அருகில் இன்னொரு முள்ளும் வைப்பது அந்த முதல் வெட்டுக்காக. தலையில் மட்டும் முள் வைத்தால் பாதி இரை மட்டுமே திரும்பி வரும்.

இரையாக முரல், சாளை, கோலா, வாளையின் வெள்ளி நிறத் துண்டு ஆகியவை உதவும். செயற்கை இரையென்றால் வெள்ளை இறகுக் கொத்து, நைலான் இழைக் கொத்து, மினுங்கும் தகடு, கணவாய் வடிவில் வரும் ரப்பர், தலையில் தகடு பொருத்திய பிளாஸ்டிக் மீன். உண்மையான இரைமீனை மெதுவாக இழுக்க வேண்டும். வேகம் கூடினால் அது சுழன்று, நரம்பு முறுக்கேறி, சதை கிழிந்துபோகும். தகட்டையும் இறகையும் வேகமாக இழுக்கலாம். மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டருக்குக் குறைந்தால் அவற்றுக்கு உயிர் வராது. எந்த இரையை எந்த வேகத்தில் என்பது முதல் பாடம். நரம்பு முறுக்கேறாமல் இருக்க ஸ்விவல் என்னும் சுழல் வளையம் இடையில் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது பாடம் ஆழம். இது சொல்வதற்கு எளிது. கடலில் மிகக் கடினம். நூறு மீட்டர் நரம்பை விட்டால் தூண்டில் நூறு மீட்டர் ஆழத்துக்குப் போகாது. ஓடும் படகில் நரம்பு ஏறக்குறைய படுத்தே வரும். நீரின் இழுப்பு அதை மேலே தூக்கும். ஈயம் கீழே இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இரை ஓடும். படகு வேகமெடுத்தால் இரை மேலே வரும். வேகம் தணிந்தால் இறங்கும். மெல்லிய நரம்பு ஆழம் போகும். தடித்த நரம்பு மேலேயே நிற்கும். பதினைந்து மீட்டர் ஆழமுள்ள பாரின் மேல், அடியில் சிக்காமல் ஆறேழு மீட்டரில் இரையை ஓட வைக்க வேண்டும் என்றால் இந்தக் கணக்கு கைக்கு வந்திருக்க வேண்டும். நரம்பை விரலில் பிடித்திருப்பவனுக்கு அதன் அதிர்விலேயே இரை சரியாக ஓடுகிறதா, பாசி சிக்கிவிட்டதா என்று தெரியும்.

வளைவில் நடப்பது இன்னும் நுட்பமானது. படகு இடது பக்கம் திரும்பினால் வலது பக்க நரம்பு பெரிய வட்டம் போட வேண்டும். அது வேகமெடுத்து மேலே வரும். இடது பக்க நரம்பு தளர்ந்து கீழே இறங்கும். ஒரே திருப்பத்தில் இரண்டு ஆழத்தையும் இரண்டு வேகத்தையும் சோதித்துவிடலாம். எந்தப் பக்கம் மீன் அடித்தது என்பதைக் கவனித்தவன் அடுத்த ஓட்டத்தில் வேகத்தையும் ஈயத்தையும் மாற்றிக்கொள்வான். அதனால்தான் தேர்ந்தவர்கள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. பாரின் விளிம்பை ஒட்டி நெளிந்து நெளிந்து போவார்கள். சில நேரம் திருப்பத்தில் தணிந்து இறங்கிய இரை மறுபடி எழும்பும் கணத்தில்தான் சீலா பாயும். தப்பி ஓடும் இரையைக் கண்டு பாய்வது அதன் இயல்பு.

மூன்றாவது நீரோட்டம். நம் கடற்கரையில் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாநீவாடு, சோநீவாடு என்று ஓட்டத்தின் திசைக்குத் தனித்தனிப் பெயர் வைத்துப் பழகியவர்கள் நம்மவர்கள். ஜி.பி.எஸ். வந்தபின் ஒரு புதிய சிக்கல் வந்தது. அந்தக் கருவி காட்டுவது அடித்தளத்தைப் பொறுத்த வேகம். இரை உணர்வதோ நீரைப் பொறுத்த வேகம். ஓட்டத்தோடு போகும்போது கருவியில் எட்டு காட்டினாலும் இரை ஆறில்தான் ஓடிக்கொண்டிருக்கும். எதிர்த்துப் போகும்போது கருவியில் அதே எட்டு காட்டினால் இரை பத்தில் பறக்கும். போகும்போது அடித்த மீன் திரும்பி வரும்போது அடிக்கவில்லை என்றால் மீன் போய்விட்டது என்று எண்ணி இடத்தை மாற்றுகிறவர்கள் உண்டு. மீன் அங்கேயேதான் இருக்கும். இரையின் வேகம் மாறியிருக்கும். எஞ்சினின் சத்தத்தையும் நரம்பின் இழுப்பையும் வைத்து வேகத்தை மதிப்பிட்ட பழைய பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் கருவியைவிடச் சரியானது.

கருவியால் கிடைத்த நன்மையும் சிறியதல்ல. முன்பு பாரைக் கண்டுபிடிக்கக் கரையின் அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வல்லநாட்டு மலை, பனிமய மாதா கோயில், தெற்கே திருச்செந்தூர் கோபுரம், மணப்பாட்டுக் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயில், பின்னாளில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் என்று இரண்டிரண்டாக நேர் பிடித்து, இரண்டு நேர்கோடும் வெட்டுகிற இடத்தில் பார். மங்கலான நாளில் இந்த வழி உதவாது. மேலும் அது குடும்பச் சொத்துபோல ஒரு சிலரிடமே இருந்தது. கருவியில் புள்ளியைப் பதித்துவைத்தால் இருட்டிலும் போய்ச் சேரலாம். அதே காரணத்தால் இன்று எல்லோருக்கும் எல்லாப் பாரும் தெரியும், விசைப்படகுக்காரர்களுக்கும் தெரியும். பாரின் இருப்பிடம் ரகசியமாக இருந்தவரை அந்த ரகசியமே அதற்கு ஒரு காவலாக இருந்தது என்பது என் எண்ணம். அந்தக் காவல் போனபின் சட்டம் அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

உலகில் இந்த முறை அறிவியலாகவே வளர்ந்த இடம் ஒன்று உண்டு. வட அமெரிக்காவின் பேரேரிகளில், குறிப்பாக ஏறத்தாழ 25,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஈரி ஏரியில், வால்ஐ என்ற நன்னீர் மீனைச் சிறு படகுகளில் இப்படித்தான் பிடிக்கிறார்கள். அந்த மீனின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் கலங்கிய நீரிலும் நன்றாகப் பார்க்கும். ஆகவே விடியலும் அந்தியும்தான் வேட்டை நேரம். இழுக்கும் வேகம் சீலாவுக்கு இழுப்பதில் பாதிகூட இராது. மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர். அங்கே கவனிக்கத்தக்க ஒரு கருவி, நரம்பில் மாட்டிவிடும் சிறு பலகை. நீரின் அழுத்தத்தால் அது படகிலிருந்து பக்கவாட்டில் விலகி ஓடி, நரம்பையும் தன்னோடு இழுத்துச் செல்லும். இதனால் ஒரு சிறு படகு இருபுறமும் பரந்த அகலத்தைத் தேட முடிகிறது. எஞ்சின் சத்தத்துக்கு விலகும் மீனும் அகப்படுகிறது. வேறு பல கடல்களில் படகின் இருபுறமும் நீண்ட கழிகளை நீட்டி இதே வேலையைச் செய்வார்கள். ஆழமில்லாத பாரின் மேல், தெளிந்த நீரில், படகுக்கு நேர் பின்னால் ஓடும் இரையைவிட விலகி ஓடும் இரையே மேல். இந்தப் பலகையை நம் தச்சர்கள் அரை நாளில் செய்துவிடலாம். நரம்பைக் கனத்த குண்டோடு கொக்கியில் மாட்டி ஆழத்தில் இறக்கும் அவர்களின் இன்னொரு கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சீரான அடித்தளத்துக்கு அது சரி. மேடும் இடுக்குமான பாரில் குண்டு சிக்கிப் பாறையையும் உடைக்கும், நரம்பையும் அறுக்கும்.

ஈரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம் கருவியில் இல்லை. 1970இல் அந்த ஏரி மீனில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு வால்ஐ வணிகப் பிடிப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின் ஏரியைச் சுற்றியுள்ள அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் சேர்ந்து, மொத்தம் எவ்வளவு பிடிக்கலாம் என்று ஆண்டுதோறும் கணக்கிட்டுப் பங்கிட்டுக்கொள்ளும் முறை வளர்ந்தது. நாட்டெல்லை ஏரியின் நடுவே போனாலும் மீன் ஒன்றுதான் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்தின் பரப்பு 10,500 சதுர கிலோமீட்டர். ஈரியில் பாதிகூட இல்லை. இங்கும் நடுவே ஒரு எல்லை போகிறது. அந்த எல்லையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் கரையில் ஓட்டத்தூண்டில் எப்படி வளர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாய்மர வள்ளங்களின் காலத்தில் காற்றுதான் வேகத்தைத் தந்தது. வலையை முடித்துக் கரைக்கு ஓடும்போது பின்னால் ஒரு கயிறு ஓடும், மீன் அடித்தால் ஆதாயம். பருத்தி, சணல் கயிறு போய் நைலான் வந்தபோது நரம்பு மெலிந்தது, மீனின் கண்ணுக்கு மறைந்தது. எஞ்சின் வந்தபோது வேகம் மனிதன் கைக்கு வந்தது. ஃபைபர் படகும் வெளிப்பொருத்து எஞ்சினும் வந்தபின் இரண்டு, மூன்று பேர் சேர்ந்தே தொழிலுக்குப் போக முடிந்தது. ஒவ்வொரு மாற்றமும் இந்த முறைக்குச் சாதகமாகவே இருந்திருக்கிறது. ஆனால் அதே மாற்றங்கள் இழுவை மடிக்கும் பருவலைக்கும் பல மடங்கு சாதகமாக இருந்தன.

இங்கே பாரின் நிலைக்கு வர வேண்டும். இழுவை மடி அடித்தளத்தை உரசிக்கொண்டு போகிறது. பாறையின் மேல் அது கிழியும் என்பதால் மேட்டை நேராகத் தாக்குவதில்லை. விளிம்பையும் மேடுகளுக்கு இடையிலுள்ள மணலையும் திரும்பத் திரும்ப அரிக்கிறது. கிளறிவிடும் வண்டல் மேட்டின் மேல் படிகிறது. கடல்விசிறியும் பஞ்சுயிரும் சிப்பிக்குஞ்சும் மூடப்படுகின்றன. மடியில் ஏறும் சங்காயம், அதாவது விற்க முடியாத குஞ்சு மீனும் சிறு உயிரும், உலர்த்தப்பட்டுத் தீவனத்துக்குப் போகிறது. அந்தச் சங்காயத்தில் நாளைய பாறை மீனும் விளமீனும் இருக்கின்றன. கடற்புல் படுகைகளில் ஓடும் தள்ளுமடி இன்னும் மோசம். இறாலுக்காகப் புல்லையே வழித்தெடுக்கிறது. சாளைக் கூட்டத்தை மொத்தமாக வளைக்கும் சுருக்குமடியைத் தமிழ்நாடு அரசு 2000இல் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல்மைலுக்கு வெளியே, வாரம் இரண்டு நாள் என்ற நிபந்தனைகளோடு அதை இடைக்காலமாக அனுமதித்தது. தூண்டில்காரர்களுக்கு இதில் நேரடிக் கவலை உண்டு. சாளை இல்லாத பாரில் சீலாவுக்கு வேலை இல்லை.

கரையோரத்தில் வேறு அழுத்தங்களும் சேர்ந்தன. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பின்னரே அது ஓய்ந்தது. 2010, 2016ஆம் ஆண்டுகளின் கோடை வெப்பத்தில் பவளம் வெளுத்தது. கடலரிப்பில் பெரும்பகுதியை இழந்த வான் தீவைக் காக்க 2015க்குப் பின் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பட்டன. அவற்றைச் சுற்றி மீன் சேர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மாநில மீன்துறையும் தமிழகக் கரையின் பல ஊர்களுக்கு எதிரே கான்கிரீட் உறைவிடங்களை இறக்கியுள்ளன. இவை நல்ல முயற்சிகள். இழுவை மடி அந்த இடத்தில் சிக்கும் என்பதால் உறைவிடம் காவலும் ஆகிறது. ஆனால் பல நூற்றாண்டுகளாக உருவான தோலாயிரம் பாருக்கு இணையாக ஒரு கான்கிரீட் வளையத்தை யாரும் எண்ணிவிடக் கூடாது. இருக்கும் பாரைக் காப்பது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு என்பதைத் திட்டம் வகுப்பவர்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரை நாட்டுப்படகுகளுக்கு. அதற்குள் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. மூன்று கடல்மைல் என்பது ஐந்தரைக் கிலோமீட்டர். முத்துப்பார்களில் பெரும்பாலானவை அதற்கு அப்பால் கிடக்கின்றன. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருபத்தொரு தீவுகளையும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத நீரையும் மட்டும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர். அதற்குள்ளும் இந்தப் பார்களில் பெரும்பகுதி அடங்கவில்லை. ஆக, நாட்டுப்படகுக்கான எல்லைக்கும் பூங்காவின் எல்லைக்கும் வெளியே, எவருடைய பாதுகாப்பும் இல்லாமல் கிடக்கும் நிலம் இது. ஒரு காலத்தில் அரசுகள் காவல் படகு வைத்துக் காத்த பார்களுக்கு இன்று வந்திருக்கும் நிலை இதுதான் என்பதை வேதனையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆண்டுத் தடைக்காலம் வேறு. 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் நிற்கின்றன. நாட்டுப்படகுத் தூண்டிலுக்குத் தடை இல்லை. இந்த நாட்களில் மீன் வரத்து குறைந்து விலை ஏறும். திரேஸ்புரத்தில் வந்திறங்கும் நாட்டுப்படகு மீனுக்குப் போட்டி அதிகம். கடல் அமைதியாக இருக்கும்போது தூண்டில்காரர்களுக்கு ஆண்டின் நல்ல மாதங்கள் இவையே. ஆனால் மேயின் பிற்பாதியிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிடும். மன்னார் வளைகுடாவில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்று வானிலை ஆய்வு மையம் தொடர்ந்து எச்சரிக்கும் பருவம் அது. ஓட்டத்தூண்டிலுக்குக் காற்று இரட்டைத் தடை: படகுக்கு ஆபத்து, அலையில் ஏறி இறங்கும் படகின் பின்னால் இரையின் வேகமும் ஆழமும் நிலைக்காது. 2017 நவம்பர் 30இல் வீசிய ஒக்கி புயலுக்குப் பின் தொடர்புக் கருவிகள் பற்றிய பேச்சு கூடியது. கருவி இருந்தும் இரண்டு பேர் போகும் ஃபைபர் படகில் உயிர்க்காப்பு உடையைப் போட்டுக்கொள்ளாத பழக்கம் மாறவில்லை. வேலைக்கு இடைஞ்சல் என்கிறார்கள். ஓடும் படகில் பெரிய மீனோடு மல்லாடும்போது தவறி விழுந்தால், ஒருவர் மட்டுமே மிஞ்சிய படகு திரும்பி வந்து தேட வேண்டும் என்பதை நினைத்தால் அந்த இடைஞ்சலைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரமிடும் பகுதியிலும் அலைதடுப்புச் சுவர்களின் முனையிலும் பாறை மீன் சேரும் என்பதற்காக அங்கே நரம்போடு வட்டமடிப்பதும் அதே அளவு ஆபத்து.

பணக்கணக்கில் ஓட்டத்தூண்டிலுக்கு ஒரு பலம், ஒரு பலவீனம். பலம் மீனின் தரம். வலையில் கிடந்து இறந்து ஊறிய சீலாவுக்கும், முள்ளில் ஏறி உடனே படகுக்கு வந்து அன்றைக்கே கரை சேர்ந்த சீலாவுக்கும் சதையில் வித்தியாசம் உண்டு. இரத்தத்தை உடனே வடியவிட்டு ஐஸில் வைத்தால் அந்த வித்தியாசம் இன்னும் கூடும். ஏலத்தில் இந்த வித்தியாசத்துக்கு முழு விலை கிடைப்பதில்லை. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டிய கட்டு பல படகுகளுக்கு இருக்கிறது. கழிவு போக மிஞ்சுவதே பங்கு. தூண்டில் மீன் என்று தனியாக அடையாளமிட்டு விற்கும் ஏற்பாட்டை மீனவர் கூட்டுறவுகள் எடுத்துச் செய்தால், இதே அளவு மீனுக்குக் கூடுதல் வருமானம் வர வாய்ப்பு உண்டு. மாலத்தீவில் கழித்தூண்டிலில் சூரை பிடிக்கும் முறை உலகச் சந்தையில் பெயர் வாங்கியது இந்த அடையாளத்தால்தான்.

பலவீனம் எரிபொருள். நங்கூரம் போட்டுக் கைத்தூண்டில் போடுகிறவன் எஞ்சினை அணைத்துவிடுகிறான். ஓட்டத்தூண்டில்காரன் தேடும் நேரமெல்லாம் எரிக்கிறான். மீன் அடிக்காத நாளில் மண்ணெண்ணெய்க் காசுகூடத் திரும்பாது. ஆகவே இதை மட்டுமே நம்பி ஒரு படகை ஓட்டச் சொல்ல என்னால் முடியாது. விடியலில் பாரின் விளிம்பில் ஓட்டத்தூண்டில், வெயில் ஏறியதும் பாரின் மேல் நங்கூரமிட்டுக் கலவா, விளமீனுக்குக் கைத்தூண்டில், திரும்பும் வழியில் மறுபடி இரண்டு நரம்பு என்று கலந்து செய்வதே தாங்கும். ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பு தேடும் நேரத்தைக் குறைக்கும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மீனவ நண்பன் செயலி வழியாக அது கைபேசிக்கே வருகிறது. மேல்நீர் மீனுக்கு அந்த அறிவிப்பு பயன்படும். பாரில் அடிமீன் எங்கே என்று அது சொல்லாது.

தூண்டில் என்றாலே கடலுக்குத் தீங்கில்லை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடில்லை. சிறு இரைக்குச் சிறு சீலாதான் அடிக்கும்; இனப்பெருக்கத்துக்கு வராத குஞ்சுச் சீலாவை நாள் முழுக்கப் பிடித்துக் கூடையை நிறைப்பதும் நடக்கிறது. முள்ளின் அளவையும் இரையின் நீளத்தையும் கூட்டினால் இது பெருமளவு குறையும். முள்ளில் ஏறிய குஞ்சைத் திருப்பி விட்டாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. வலையில் அந்த வாய்ப்பு இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பெரிய சீலா இனத்தை அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் வைத்திருக்கிறது. பருவலைதான் அதன் பிடிப்பில் பெரும்பங்கு என்றாலும், தூண்டில்காரரும் தம் பங்கைச் சரிசெய்துகொண்டால்தான் வலைக்காரரிடம் பேச வாய் இருக்கும்.

இனி எல்லைக்கு வருகிறேன். 1976ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் மன்னார் வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கோடு போடப்பட்டது. அதன்பின் இரு கரையிலும் பேச்செல்லாம் யார் எல்லை தாண்டினார்கள், யார் படகு பிடிபட்டது என்பதிலேயே நின்றுவிட்டது. சீலாவும் சூரையும் அந்தக் கோட்டை அறியாமல் போய்வருகின்றன. இலங்கையின் வடமேற்குக் கரையில், சிலாபத்துறைக்கு எதிரே, நம்முடையதைப் போலவே முத்துப்பார்கள் கிடக்கின்றன. அங்கும் சிறுபடகுத் தூண்டில்காரர்கள் இருக்கிறார்கள். இழுவை மடியால் அவர்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் நம் நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஏற்பட்டதற்குக் குறைந்ததல்ல. இரு நாடுகளும் உறுப்பினராக உள்ள வங்காள விரிகுடாத் திட்ட அரசுகளிடை அமைப்பு 2003 முதல் சென்னையில்தான் இருக்கிறது. ஈரி ஏரியில் செய்வதுபோல இந்த வளைகுடாவின் சீலாவை ஒரே இருப்பாகக் கணக்கெடுக்கத் தொடங்குவதற்கு அலுவலகம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

தூத்துக்குடியில் உடனே தொடங்கக்கூடிய வேலையும் உண்டு. பார்களின் பெயரும் இடமும் பழைய முத்துக்குளிப்பு ஆவணங்களில் இருக்கின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடிப் பிரிவும் 1977இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரியும் ஊரிலேயே இருக்கின்றன. இழுவை மடி நுழையக் கூடாத பார்கள் என்று முதலில் நாலைந்தை மீன்துறை அறிவிக்கலாம். எவை என்பதைத் திரேஸ்புரம், தருவைகுளம், வேம்பார், புன்னைக்காயல் தூண்டில்காரர்களும் சங்குகுளிப்பவர்களும் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். விசைப்படகுச் சங்கங்களையும் அந்தப் பேச்சில் உட்கார வைக்காமல் இது நடக்காது. மடி கிழியும் என்று அவர்களே விலகி ஓடும் மேடுகளில் தொடங்கினால் எதிர்ப்பும் குறைவாக இருக்கும். விளிம்பைச் சுற்றி எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதில்தான் உண்மையான பேரம். நாட்டுப்படகுகள் எந்தப் பாரில், எந்த மாதம், எந்த அளவு சீலாவைப் பிடித்தன என்ற குறிப்பை ஏலத்தளத்திலேயே எழுதி வாங்கத் தொடங்கினால், அந்தப் பேரத்துக்கு ஓரிரு ஆண்டிலேயே ஆதாரம் கிடைக்கும்.